பழைய காரில் பெட்ரோல் ஒழுகுதா? கைகொடுக்கும் 60 குறிப்புகள்

உத்தரபாராவில் 1957-ல் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த பிரீமியர் பத்மினி, 1961 முதல் நம்ம சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு... இவற்றில் ஒன்றை இன்னும் வீட்டுப் பிள்ளை போல வைத்துப் பார்க்கிற நண்பர்களுக்காக இந்தக் குறிப்புகள். பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால், புது பம்ப், புது கார்பரேட்டர் என்று உடனே செலவில் இறங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் ஒழுகுவதற்குக் காரணம் ஒரு வாஷர், ஒரு ரப்பர், ஒரு பேக்கிங். இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பணம் தானாகவே மிச்சமாகும். சிக்கனம் கூடாத ஒரே இடம் பாதுகாப்பு, அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

கை வைக்கும் முன்

1. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து போய், எங்கோ தள்ளியிருக்கும் நெருப்பிலும் பற்றிக்கொள்ளும். வண்டியை ஷெட்டிலிருந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து வேலை பாருங்கள். ஸ்டார்ட் செய்து எடுக்காமல், இரண்டு பேர் சேர்ந்து தள்ளியே எடுங்கள்.

2. சமையலறை ஜன்னல் போர்டிகோ பக்கம் இருந்தால் வேலை முடியும்வரை அடுப்பு எரிய வேண்டாம். வாசல் விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எல்லாமே நெருப்புதான். ஆரம்பிக்கும் முன் வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

3. முதல் ஸ்பேனர் பேட்டரிக்கு. பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். சில பழைய வண்டிகளில் பிளஸ்தான் எர்த் என்பதால், எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்தே கழற்றவும்.

4. குண்டு பல்பு மாட்டிய கைவிளக்கு வேண்டாம். விழுந்து உடைந்தால் உள்ளேயிருக்கும் சூடான கம்பியே தீ வைத்துவிடும். எல்.இ.டி. டார்ச்சைத் தள்ளி நின்று போட்டு, எரிகிறபடியே கொண்டுவந்து வையுங்கள்.

5. பக்கத்தில் ஒரு வாளி மணலும் பவுடர் வகைத் தீயணைப்பானும் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து, நெருப்பையும் இழுத்துக்கொண்டு பரவும். சிந்தியதை உறிஞ்சவும் அதே மணல் உதவும்.

6. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே தொடுங்கள். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சொட்டு விழுந்தால் சூடான இரும்பில்தான் விழும். விடியற்காலை வேலையாக வைத்துக்கொண்டால் ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

7. டேங்கிலிருந்து பெட்ரோல் இறக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. கையால் அமுக்கும் சைஃபன் பம்ப் ஹார்டுவேர் கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். மூடியுள்ள இரும்பு கேனில் பிடித்து வைத்தால், வலை வைத்த புனலில் வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

எங்கே ஒழுகுது?

8. வாடை எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி துப்பு கிடைத்துவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் வந்தால் டேங்க் பக்கம் பாருங்கள். ஓடும்போது வந்தால் பம்பும் கார்பரேட்டரும். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வந்தால் மூடியையும் கழுத்து ரப்பரையும் பாருங்கள்.

9. இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, முன்சக்கரம் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடினால் போதும். ஆயில் கறை பிசுபிசுவென்று நிற்கும். பெட்ரோல் காய்ந்து மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சும்.

10. சந்தேகமான ஜாயின்ட்டுகளைத் துடைத்துக் காயவிட்டு, முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். பம்பின் கை நெம்புகோலை நாலைந்து முறை அடித்ததும், எந்த இடத்துப் பவுடர் முதலில் நனைந்து நிறம் மாறுகிறதோ அங்கேதான் ஒழுகல். கோலமாவு வேண்டாம், கல்துகள் உள்ளே போய்விடும்.

11. சொட்டுகிற இடத்தையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பெட்ரோல் பைப் மேலேயே ஓடி வந்து வேறிடத்தில் சொட்டும். ஈரம் தெரிவதிலேயே மிக உயரமான இடத்தைத் தேடிப் போங்கள். எட்டாத மூலைக்குப் பழைய கைக்கண்ணாடி உதவும்.

12. ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையும் அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பம்ப் டயாபிரம் கிழிந்து உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பம்பைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் கெடுத்துவிட்டால் செலவு எங்கோ போய்விடும்.

13. மெக்கானிக்கல் பம்பின் உடம்பில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து பெட்ரோல் சொட்டினால் டயாபிரம் போச்சு, ஆயில் கசிந்தால் உள் சீல் போச்சு. அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்தால் ஒழுகல் நிற்காது, என்ஜினுக்குள் திரும்பிவிடும்.

14. மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குக் காதே போதும். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் எஸ்.யு. எலெக்ட்ரிக் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்பரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி.

15. ஒழுகல் கண்ணில் படாமல் மைலேஜ் மட்டும் குறைந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரிபிடித்துக் கறுப்பாக இருந்து, புகையும் கறுப்பாக வந்தால் கார்பரேட்டர் உள்ளுக்குள்ளேயே நிறைந்து வழிகிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரைக் காலண்டரில் குறித்து வந்தால் இது சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஹோஸ், கிளிப், பைப்

16. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டு பங்க்குகளுக்கு வந்தது. நம்ம வண்டிகளின் பழைய ரப்பரும் கார்க்கும் அதற்காகச் செய்தவை அல்ல. ஊறி உப்பும், இல்லையென்றால் விறைத்து வெடிக்கும். இனி எந்த ரப்பர் சாமான் வாங்கினாலும் "எத்தனால் தாங்குமா?" என்று கேட்டே வாங்குங்கள்.

17. ஹோஸின் மேலேயே தரம் அச்சிட்டிருக்கும், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அடிக்கடி மாற்றுகிற வேலை இல்லை.

18. கடைக்குப் போகும்போது பழைய ஹோஸில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். 6 மி.மீ., 8 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பெரியதை வாங்கிவந்து கிளிப்பால் நெரித்துச் சமாளிப்பது நிற்காது.

19. ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயசுதான். மொத்த நீளத்தையும் நூல் வைத்து அளந்து, ஒரே துண்டாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். திரும்பத் திரும்ப டேங்கை இறக்கும் வேலை மிச்சம்.

20. ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். கார்பரேட்டரின் பித்தளைக் குழாய் கையோடு வந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் மேலாகக் கீறிவிட்டு வாழைப்பழத் தோல் போல உரித்தெடுங்கள். குழாயில் பிளேடு கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளவும்.

21. புது ஹோஸ் ஏற மறுக்கிறதா? அதன் நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்தால் இளகிக்கொடுக்கும். கிரீஸ் தடவ வேண்டாம். பிறகு வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும்.

22. உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரியுமே என்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை பானட்டுக்குள் போடாதீர்கள். என்ஜின் சூட்டில் சில மாதத்தில் கல்லாகி, நுனியில் கீறல் விட்டு ஒழுகும்.

23. கட்டுக்கம்பி முறுக்கிக் கட்டிய ஹோஸைப் பார்த்தால் உடனே கம்பியை எடுத்துவிடுங்கள்; அது ரப்பரை அறுக்கும். பெட்ரோல் ஹோஸுக்கென்றே விளிம்பு மடித்த கிளிப் கிடைக்கிறது, ரப்பரைக் கடிக்காது.

24. கிளிப்பை ஹோஸின் விளிம்பிலேயே போட்டால் நழுவும். குழாய் நுனியில் இருக்கும் மேட்டைத் தாண்டி, கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம், ஹோஸ் கையால் திருப்பினால் சுற்றாமல் இருந்தால் போதும்.

25. பைப் நட்டைக் கழற்ற எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று பம்ப் பக்கத்துப் பாகத்தை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒன்றே ஒன்று வைத்துத் திருப்பினால் பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, ஒழுகாத இடமும் ஒழுகும்.

26. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்ளான் டேப்பைப் பெட்ரோல் பைப் நட்டில் சுற்றாதீர்கள். அங்கே ஒழுகலை நிறுத்துவது மரை இல்லை, உள்ளே பொருந்தும் பைப்பின் விரிந்த வாய். பிய்ந்த டேப் துணுக்கு கார்பரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும், அவ்வளவுதான் பலன்.

27. பழைய செம்பு வாஷரைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டியிலிருந்து தள்ளி, சமையலறை அடுப்பில் இடுக்கியால் பிடித்து மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். கறுப்பைத் தேய்த்தெடுத்துவிட்டு மாட்டினால் புதுசு போலப் படியும்.

28. நடுவில் ஓட்டை போல்ட் போகிற வளைய ஜாயின்ட்டில் இரண்டு பக்கமும் வாஷர் வேண்டும். போல்ட் தலைக்கு அடியில் ஒன்று, வளையத்துக்குப் பின்னால் ஒன்று. பின்னால் இருப்பது கழற்றும்போது ஒட்டிக்கொண்டே நிற்கும், அதை மறந்து மேலேயே இன்னொன்றைப் போட்டுவிடாதீர்கள்.

29. டேங்கிலிருந்து வரும் இரும்பு பைப் பாடியில் உரசும் இடங்களைத் தடவிப் பாருங்கள். மிஞ்சிய ஹோஸ் துண்டை நீளமாகக் கீறி அந்த இடத்தில் மாட்டி, மேலே கிளாம்ப் போட்டுவிட்டால் உரசல் நிற்கும். துரு பிடித்துப் பொத்தல் விட்ட பைப்புக்கு ஒட்டு வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

30. பம்புக்கு முன்னால் மலிவான ஃபில்டர் ஒன்று போட்டுவிட்டால் டேங்க் துரு, நீடில் வால்வுவரை போகாது. அதன் மேல் இருக்கும் அம்புக்குறி பம்பைப் பார்த்து இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

பம்ப் வேலை

31. கை நெம்புகோலை அடித்தால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடுகிறதா? பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். கேம் மேட்டில் நின்றிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

32. பம்பைப் பிரிக்கும் முன் மேல்பாதி, கீழ்பாதி இரண்டையும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது பைப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று குழம்பாது. செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

33. வீட்டில் ஓரங்கட்டிய பழைய இட்லித் தட்டு இருந்தால் பட்டறைக்குத் தந்துவிடுங்கள். கழற்றிய வரிசையில் குழிக்கு ஒன்றாக ஸ்க்ரூ, வால்வு, ஸ்பிரிங் போட்டு வைத்தால் எதுவும் உருண்டோடாது, வரிசையும் மாறாது.

34. டயாபிரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலோ, மடிப்பில் மயிரிழைக் கீறல் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். பம்ப் உடம்பு நன்றாக இருந்தால் ரிப்பேர் கிட் மட்டும் போதும், முழுப் பம்ப் விலை மிச்சம்.

35. ஸ்க்ரூக்களை விரலால் மட்டும் திருகிவிட்டு, பம்பின் லீவரை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக முடுக்குங்கள். இப்படிச் செய்தால் டயாபிரம் முழு அசைவுக்குத் தேவையான தளர்வோடு உட்காரும். லீவரை விட்டுவிட்டு முடுக்கினால் விறைப்பாக நின்று சீக்கிரம் கிழியும்.

36. புது டயாபிரம் போட்டும் ஓரத்தில் ஈரம் கசிந்தால், மூடியின் விளிம்பு வளைந்திருக்கலாம். தடித்த கண்ணாடி மேல் மெல்லிய எமரி பேப்பரை வைத்து, மூடியைக் கவிழ்த்து எட்டுப் போடுவது போல் மெதுவாகத் தேயுங்கள். விளிம்பு முழுக்க ஒரே மினுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

37. பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கோடு விழும். காலாவதியான ஏ.டி.எம். கார்டின் ஓரம் இதற்கு அருமையான ஆயுதம். விடாப்பிடியாக ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டுங்கள்.

38. பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் தடித்த பட்டையைக் கழித்துவிடாதீர்கள். அது சூட்டைத் தடுக்கிறது, லீவர் எவ்வளவு அசைய வேண்டும் என்பதையும் அதன் கனம்தான் தீர்மானிக்கிறது. உடைந்திருந்தால் அதே கனத்தில்தான் வாங்க வேண்டும்.

39. ஹெரால்டு போன்ற வண்டிகளின் பம்பில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதன் கார்க் வளையம் காய்ந்து சுருங்கினால் ஒழுகும், காற்றும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ரப்பர் வளையம் போட்டு, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இடுக்கி போட்டால் கண்ணாடி போய்விடும்.

40. பழைய பம்புக்குப் பதில் புதுக் கார்களின் எலெக்ட்ரிக் பம்பைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். நம்ம கார்பரேட்டருக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. அழுத்தமே தாராளம், இன்ஜெக்‌ஷன் பம்ப் 40-க்கு மேல் தள்ளும். நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் அருவியாகக் கொட்டும்.

41. வெயில் காலத்தில் நடுரோட்டில் வண்டி நின்றால் ஒழுகல் என்று பதறி எதையும் கழற்ற வேண்டாம், பைப்பில் ஆவி அடைத்திருக்கலாம். ஈரத் துணியைப் பம்ப் மேல் சுற்றிவைத்து, கால் மணி நேரம் பானட்டைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

கார்பரேட்டர் வேலை

42. திடீரென்று வழிய ஆரம்பித்தால் முதலில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஃபுளோட் அறையின் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். நீடில் வால்வில் தூசி சிக்கியிருந்தால் விழுந்துவிடும். நின்றுவிட்டாலும் சந்தோஷப்பட்டு விட்டுவிடாமல், ஃபில்டரையும் டேங்கையும் ஒரு பார்வை பாருங்கள்.

43. நீடிலின் கூம்பு முனையை நகத்தால் வருடிப் பாருங்கள். வளையம் போல் பள்ளம் தட்டுப்பட்டால் அது மூடாது. நீடிலையும் அதன் சீட்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த வண்டி, எஸ்.யு. பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் தயாராவதால் பாக எண் தெரிந்தால் கிடைக்காமல் போகாது.

44. சீட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரின் கனத்தை மாற்றாதீர்கள். மெல்லியது போட்டால் ஃபுளோட் லேட்டாக அடைத்துப் பெட்ரோல் மட்டம் ஏறும், தடித்தது போட்டால் இறங்கும். பழைய வாஷரைக் கையில் வைத்து ஒப்பிட்டே வாங்குங்கள்.

45. பித்தளை ஃபுளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சளக் என்றால் பஞ்சர். வெளியே வைத்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் அதை முக்கிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழ் குமிழாக வரும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

46. ஈயம் வைக்கும் முன் ஃபுளோட்டுக்குள் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஊசித் துளை போட்டு ஊதி, சில நாள் வெயிலில் காயவிடுங்கள். கரண்ட் சால்டரிங் அயர்னால் இரண்டு துளையிலும் தொட்டும் தொடாமலும் வைத்தால் போதும். ஈயம் அதிகமானால் ஃபுளோட் கனத்துத் தாழ்ந்து, பெட்ரோல் மறுபடி வழியும்.

47. மேல்மூடியின் பேக்கிங் கிடைக்கவில்லையா? பேக்கிங் ஷீட்டை மூடியின் மேல் பரப்பி, சின்னச் சுத்தியலால் விளிம்பெல்லாம் மெதுவாகத் தட்டினால் அச்சு அப்படியே விழும். கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளிருக்கும் சின்னத் துளைகளை அடைக்காமல் வழிவிடுங்கள்.

48. மூடி ஸ்க்ரூக்களை வெறியாக முடுக்கினால் மூடி வளைந்து, நல்ல பேக்கிங் இருந்தும் கசியும். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். வளைந்துவிட்ட மூடிக்கு 36-ம் குறிப்பில் சொன்ன கண்ணாடி வைத்தியம்தான்.

49. ஜெட் துளைக்குள் கம்பியோ ஊசியோ விடாதீர்கள், துளை பெரிதாகி மைலேஜ் போகும். துடைப்பத்து ஈர்க்குச்சியின் மெல்லிய நுனியோ, தூண்டில் நரம்போ போதும். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்தால் பளிச்.

50. கார்பரேட்டர் ஸ்பிரேயை அடிக்கும் முன் ரப்பர் சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அந்த மருந்து அழுக்கைக் கரைப்பது போலவே ரப்பரையும் கெடுக்கும். வெளி அழுக்குக்குப் பழைய டூத்பிரஷும் மண்ணெண்ணெயும் போதும், ஸ்பிரே மிச்சம்.

51. எஸ்.யு. கார்பரேட்டரின் ஃபுளோட் மூடியிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய வழிகுழாயை அடைக்கவும் வேண்டாம், கழற்றிப் போடவும் வேண்டாம். நிறைந்து வழிந்தால் சூடான எக்ஸாஸ்ட்டில் விழாமல் தள்ளிக் கொண்டுபோய் விடுவது அதுதான். அதன் நுனி ஈரமாக இருந்தால் நீடிலைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது.

டேங்க் வேலை

52. வழியில் டேங்க்கில் பொத்தல் விழுந்தால் துணி சோப்புதான் ஆபத்பாந்தவன். துளையைத் துடைத்துவிட்டு, பார் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்தால் பெட்ரோலில் அது கரையாது. பட்டறை போய்ச் சேரும்வரைக்கும்தான் இந்த ஒட்டு, அடுத்த நாள்வரை இழுக்காதீர்கள்.

53. எம்சீல் வைக்கிறவர்கள் ஈரத்தின் மேலேயே அப்பிவிட்டு, பிடிக்கவில்லை என்பார்கள். டேங்கை இறக்கிக் காலி செய்து, எமரி பேப்பரைக் கையால் தேய்த்து வெறும் தகடு தெரிந்த பிறகு வைத்தால்தான் பிடிக்கும். மிஷின் போட்டுத் தேய்த்தால் பொறி பறக்கும், அது கூடவே கூடாது.

54. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. வீட்டில் யாரும் அதன் மேல் வெல்டிங் போடக் கூடாது, தெரிந்த பையன் செய்துதருகிறேன் என்றாலும் வேண்டாம். டேங்க் வேலை பழகிய ரேடியேட்டர் பட்டறையில் கொடுங்கள். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி ஆவியை வெளியேற்றிவிட்டே ஈயம் வைப்பார்கள்.

55. உள் துருவுக்கு மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு போதும். பெட்ரோல் போகக் கழுவிய டேங்கில் வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரு பிடி சின்ன ஜல்லியும் போட்டுக் குலுக்கி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் ஜல்லியை எண்ணி எடுத்துவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவையுங்கள்.

56. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் டிக்கிக்குள் வாடை வந்தால் டேங்கைக் குறை சொல்லும் முன் கேஜ் யூனிட்டின் பேக்கிங்கைப் பாருங்கள். ஆறேழு ஸ்க்ரூவும் ஒரு ரப்பர் வளையமும்தான் விஷயம். அடியில் வடிகால் போல்ட் இருந்தால் அதன் வாஷரையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

57. கழுத்துவரை பெட்ரோல் போட்டு வெயிலில் நிறுத்தினால் அது விரிந்து மூடி வழியாக வழியும். ஒழுகல் இல்லாத வண்டியும் ஒழுகும். பங்கில் நாஸில் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். மூடியிலிருக்கும் காற்றுத் துளையையும் ஈர்க்குச்சியால் சுத்தம் செய்தால் வண்டி திணறாது.

வேலை முடிந்ததும்

58. பூட்டியதும் முதலில் கை நெம்புகோலை அடித்துப் பெட்ரோலை ஏற்றி, ஜாயின்ட்டுகளைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் மட்டும் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து நிமிடம் ஓடியதும் ஒரு தடவை, அணைத்து ஆறியதும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டால் நிம்மதி.

59. நனைந்த துணிகளை மூட்டையாகக் கட்டி ஷெட்டில் போடாமல், வெளியே விரித்துக் காயவிடுங்கள்; மீந்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கை வாடைக்கு முதலில் தேங்காய் எண்ணெய் தடவி, பிறகு கடலை மாவு தேய்த்துக் கழுவினால் போய்விடும், தோலும் வறளாது.

60. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இரண்டு கிளிப், அரை மீட்டர் ஹோஸ், நாலு வாஷர், ஒரு ஃபில்டர், ஒரு டயாபிரம் கிட், ஒரு துண்டு துணி சோப்பு போட்டு டிக்கியிலேயே வைத்துவிடுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் போகும்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால் செலவும் தெரியாது. மூடியின் உள்பக்கம் எதை எந்த மாதம் மாற்றினீர்கள் என்று எழுதி ஒட்டிவிட்டால், அடுத்து யார் பானட்டைத் திறந்தாலும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும்.